தலைக்கணக்கும் தண்ணீர்க் கணக்கும்

"நாம் இருவர், நமக்கு இருவர்" என்று சிவப்பு முக்கோணத்தோடு தமிழ்நாட்டுச் சுவர்களில் எழுதிய காலம் போய்விட்டது. அது விதைத்த எண்ணம் மட்டும் மேடைக்கு மேடை இன்னும் முழங்குகிறது. வறுமையா, வேலையின்மையா, தண்ணீர்த் தட்டுப்பாடா, எல்லாவற்றுக்கும் "ஜனத்தொகை பெருத்துப்போச்சு" என்பதே விடை. பின்னாளில் உயிர்ப்பிக்கலாம் என்ற நம்பிக்கையில் இறந்தவர் உடலை உறையவைத்துக் காக்கும் கிரையானிக்ஸ் பற்றிப் பேசினாலும், இருப்பவர்களுக்கே இடமில்லை என்று வாயை அடைக்கிறார்கள்.

தேனி மாவட்டம் ஒன்றே இதற்கு மறுப்பு. அதன் கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையம், சின்னமனூர், கம்பம் என்று ஊர்கள் அடுத்தடுத்து நெருங்கிக் கிடக்கின்றன. கூட்டம்தான் வறுமைக்குக் காரணமென்றால் முதலில் நொடித்திருக்க வேண்டியது அந்தப் பகுதி. அங்கேதான் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல் இருக்கிறது. திராட்சையும் வாழையும் தென்னையும் தழைக்கின்றன. அதே மாவட்டத்து ஆண்டிபட்டி வட்டாரத்தில், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைப் பக்கம் போனால் மலையும் மானாவாரிக் காடுமாக ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. நெரிசல் இல்லாத அந்த ஊர்களிலிருந்துதான் பிழைப்புத் தேடிப் பஸ் ஏறுகிறார்கள்.

காரணம் தண்ணீர். 1895இல் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையிலிருந்து முல்லைப் பெரியாறு கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தது. 1959இல் ஆண்டிபட்டிக்குப் பக்கத்திலேயே வைகை அணை எழுந்தது. அதன் தண்ணீரோ மதுரைக்கும் கிழக்குச் சீமைக்கும் போகிறது. மேட்டிலிருக்கும் ஆண்டிபட்டிக் கண்மாய்கள் இன்றும் மழையை நம்பியே கிடக்கின்றன.

பஞ்சமும் தலைக்கணக்குப் பார்த்து வந்ததில்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. 1901இல்கூட இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் 2 கோடிக்கும் குறைவு. 2011இல் அது 7.21 கோடி. 1970களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்று அமெரிக்க உயிரியலாளர் பால் எர்லிக் 1968இல் எழுதினார். ஆனால் தமிழ்நாட்டில் ரேஷன் கடை பரவியது, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கினார். பெருகிய மக்கள் அப்படியொரு பஞ்சத்தை மறுபடி பார்க்கவில்லை.

ஜனத்தொகை கட்டுமீறிப் பெருகுகிறது என்பதும் பழங்கதை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், மக்கள்தொகை குறையாமலிருக்க 2.1 வேண்டும். 2025இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே புதுமணத் தம்பதியர் உடனே பிள்ளை பெற வேண்டும் என்றார்.

சிறு குடும்ப முழக்கத்துக்கு விலை கொடுத்தவர்கள் பெண்கள். ஆண்பிள்ளை ஆசையும் சேர்ந்தபோது பெண்சிசுக்கள் பலியாயின. கைவிடப்படும் பெண்குழந்தைகளை அரசே ஏற்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தேனிக்கும் நீட்டிக்க வேண்டியிருந்தது.

கிரையானிக்ஸ் விஷயத்தில் இடமில்லை என்கிற வாதம் இன்னும் பலவீனமானது. 1967இல் அமெரிக்கரான ஜேம்ஸ் பெட்ஃபோர்டு உறையவைக்கப்பட்டார். அதற்குப் பிறகு உலகம் முழுவதும் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் இருப்பவர்கள் சில நூறு பேர். ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டில் காலையில் கூடுகிற கூட்டம்கூட அதைத் தாண்டும். உறையவைக்கப்பட்டவர்களில் ஒருவரும் இதுவரை எழுந்து வரவில்லை. திசுவைச் சேதமின்றி மீட்க முடியுமா, நூறாண்டு பராமரிக்கப் பணம் இருக்குமா என்று கேட்பது நியாயம். கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் பணம் தீர்ந்துபோய் உறையவைத்த உடல்கள் உருகி அழுகியது 1979இல் வெளிவந்தது. ஆனால் அந்தச் சில நூறு பேருக்கு இடமில்லை என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் கிடையாது.

ஆண்டிபட்டிக்கு வந்து ஜனத்தொகையைப் பற்றிப் பேசுகிறவர்கள், கண்மாய்களுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.