ஐந்து வாற்றும் அதிகமே

பல்கலைக்கழகக் காலத்தோடு கைவிட்ட கிற்றாரை ஐம்பதைத் தாண்டிய பின்னர் மீண்டும் எடுத்தேன். வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில், மாலை வேளையில் அரை மணித்தியாலம் வாசிப்பதற்கு மேல் எந்த நோக்கமும் எனக்கு இருக்கவில்லை. அதற்கேற்ற அம்ப்ளிபயரைத் தேடத் தொடங்கியபோதே வினை ஆரம்பமாயிற்று.

எனக்கு வேண்டியது வால்வு அம்ப்ளிபயர். அதிலும், சிறு பட்டறைகளில் ஓரிருவர் கையால் இணைத்துத் தரும், வணிக மொழியில் 'பூட்டிக்' எனப்படும் வகை. சிறுவயதில் எங்கள் வீட்டிலிருந்த வால்வு வானொலி ஆளியைப் போட்டவுடன் பேசாது; சற்றுச் சூடேறிய பின்னரே இலங்கை வானொலியின் குரலைத் தரும். அந்த ஒலியின் இளக்கம் காதில் தங்கிவிட்டது. கிற்றார் வாசிப்போர் வால்வை நாடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. எல்லைக்கு மேல் தள்ளினாலும் அதன் ஒலி சட்டென முறிவதில்லை. படிப்படியாக அமுங்கிக் கரகரக்கும். மெல்லத் தட்டினால் தெளிவு, அழுத்தித் தட்டினால் கரகரப்பு. சிக்கல் யாதெனில், அந்த எல்லையை எட்டுவதற்குச் சத்தத்தைக் கூட்டியாக வேண்டும்.

"வீட்டுக்கு அளவானது" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, பழைய 30 வாற்று அம்ப்ளிபயரொன்றை வாங்கி வந்தேன். குமிழ் மூன்றைத் தொட்ட மாலையே மேல்மாடி ஆசிரியர் இறங்கி வந்தார். "தம்பி, வாசிப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கட அலுமாரிக்குள்ள கோப்பையெல்லாம் ஆடுது." அவர் கோபிக்கவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் வெட்கம்.

முப்பதைப் பதினைந்தாக்கினால் சத்தம் பாதியாகும் என்று நானும் எண்ணியிருந்தேன். குறைவது வெறும் 3 டெசிபெல். காதுக்கு ஏறத்தாழப் பாதியாகத் தோன்ற வேண்டுமாயின் வாற்று பத்திலொன்றாகக் குறைய வேண்டும். 30 வாற்றின் பாதிச் சத்தம் என்பது 3 வாற்று. அதுவும் சிறிதன்று. கிற்றாருக்கான 12 அங்குல ஸ்பீக்கர்கள் பல, ஒரு வாற்றைக் கொடுத்தாலே ஒரு மீற்றர் தொலைவில் 97 டெசிபெல் அளவுக்கு முழங்குபவை. அடுத்த அறையில் பிள்ளை படிக்கும் வீட்டுக்கு ஐந்து வாற்றும் அதிகமே.

இந்தக் கணக்கை விற்பனையாளர் எவரும் சொல்வதில்லை. இந்த அம்ப்ளிபயர்களின் புகழ் பெரும்பாலும் மேடையில் பிறந்தது. வொக்ஸ் ஏசி30, இரைச்சலிடும் இரசிகர் கூட்டத்தின் முன் வாசித்த குழுக்களுக்கு உதவியது. பென்டர் நிறுவனத்தின் பாஸ்மான் சுற்றைப் பின்பற்றி 1962 இல் லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில் உருவான ஜேரிஎம்45 இன் கதையும் அத்தகையதே. பின்வந்த கைவினைஞர் பலர் இந்தச் சுற்றுகளையே செம்மைப்படுத்தினர். 2022 இல் காலமான அலெக்சாண்டர் டம்பிள், தமது சுற்றைப் பிறர் பார்த்து எழுதிவிடாதபடி பிசின் ஊற்றி மறைத்தவர். அவரது அம்ப்ளிபயர்கள் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேலும் விலைபோயிருக்கின்றன. உழைப்புக்கு விலை கொடுப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. கையால் இணைத்ததைக் கையால் திருத்தவும் முடியும். ஆனால் மேடைக்கென வார்த்த பொருளை வரவேற்பறைக்கு விற்பதை ஏற்க முடியவில்லை. விதிவிலக்குகள் உண்டு. வட கரோலினாவின் ஸ்டீவ் கார் செய்த மேர்குரி, 8 வாற்றிலிருந்து ஒரு வாற்றின் பத்திலொரு பங்கு வரை இறங்கக்கூடியது. வீட்டை மனதிற் கொண்டு செய்த கருவி என்று அதனைத்தான் சொல்வேன்.

அதனை இங்கு தருவிக்கும் செலவைக் கணக்கிட்டபோது வருங்கால வைப்பு நிதியின் நினைவு வந்தது. 2022 இல் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்த டொலர் 360 ஐத் தொட்டதையும், பதின்மூன்று மணித்தியால மின்வெட்டையும் கண்டவன் நான். அமெரிக்காவுக்கென 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸில் செய்த மின்மாற்றி வேறு. இங்கு 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். இடையில் ஒரு மின்மாற்றியை வைத்து வோல்ற்றைக் குறைத்தாலும் ஹேர்ட்ஸ் மாறாது. 60 க்கு மட்டும் செய்தது 50 இல் கூடுதலாகச் சூடேறும்.

ஆகவே வேறு வழியை நாடினேன். பென்டர் 1950 களில் மாணவருக்கென விற்ற சாம்ப் அம்ப்ளிபயரின் சுற்று ஒரு தாளில் அடங்கும்: இரண்டு வால்வுகள், ஒரு சீராக்கி வால்வு, ஒரேயொரு குமிழ், 8 அங்குல ஸ்பீக்கர், ஏறத்தாழ 5 வாற்று. மருதானையில் பழைய வானொலிகளைத் திருத்தும் ஒருவர் 230 வோல்ற் மின்மாற்றியுடன் அதனை எனக்கு இணைத்துத் தந்தார். வெளியீட்டைக் குறைக்கும் சிறு பெட்டியொன்றையும் ஸ்பீக்கருக்கு முன்னர் பொருத்தினார். இதுவும் பூட்டிக்தான், பெயர்ப்பலகை மட்டும் இல்லை. (அணைத்த பின்னரும் உள்ளே முந்நூறு வோல்ற்றுக்கு மேல் தேங்கியிருக்கலாம். நீங்களாகத் திறந்து பார்க்க வேண்டாம்.)

குறையில்லாமலில்லை. சத்தம் தாழும்போது காது அடிநாதத்தையும் உச்ச நாதத்தையும் முதலில் இழக்கும் என்பதை பிளெச்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933 இலேயே அளந்து காட்டிவிட்டனர். எவ்வளவு விலை கொடுத்தாலும் அந்த இழப்பு முற்றாக நீங்காது. முதல் நாள் ஒலி மெலிந்திருப்பதாகவே பட்டது. பெட்டியைச் சுவரின் மூலையில் ஒட்டி வைத்தபோது அடிநாதம் சற்றுத் திரும்பியது.

முப்பது வாற்று அம்ப்ளிபயரைக் கொட்டாஞ்சேனைத் தேவாலயமொன்றின் இளைஞர் குழுவுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த மண்டபத்தில் குமிழை ஆறில் வைத்து அவர்கள் வாசித்ததைக் கேட்டேன். அருமையாக இருந்தது.