வாங்கின புத்தகத்தை என்ன செய்வது? பெரம்பலூர் பரணிலிருந்து ஒரு பசுமைக் கணக்கு

தீபாவளிக்கு வீடு ஒட்டடை அடிக்கும்போதுதான் மாட்டினேன். பரணைக் காட்டி அம்மா கேட்டார்: “ஏன்டி, வருஷா வருஷம் புத்தகத் திருவிழாவுல மூட்டை கட்டிட்டு வர்றியே, இதுல எதையாவது பிரிச்சுப் பாத்திருக்கியா?”

ரோஷத்தோடு எல்லாவற்றையும் கீழே இறக்கி எண்ணினேன். மொத்தம் 63. முழுதாகப் படித்தது 22. பாதியில் விட்டது ஒரு பத்து, பன்னிரண்டு இருக்கும். மிச்சத்தில் சிலவற்றுக்கு மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்கவில்லை. அடியில் இருந்த இரண்டைக் கரையான் படித்து முடித்திருந்தது.

“பழைய பேப்பர்காரர் நாளைக்கு வருவாரு. கிலோ 12 ரூபா” என்றார் அம்மா.

எனக்குச் சுருக்கென்றது. ஆபீஸுக்கு ஸ்டீல் பாட்டில் கொண்டுபோகிற, கடையில் ஸ்ட்ரா வேண்டாம் என்கிற ஆள் நான். ஆனால் ‘புத்தகம் வாங்குவது நல்ல காரியம்’ என்ற ஒரே காரணத்தால், அதற்கும் ஒரு சுற்றுச்சூழல் செலவு உண்டு என்று யோசித்ததே இல்லை.

இந்தப் பேச்சை எடுத்தாலே உடனே வரும் பதில், “அப்போ இ-புக் படி, மரம் பிழைக்கும்” என்பது. அது அவ்வளவு நேரான கணக்கு இல்லை. அமெரிக்காவின் கிளீன்டெக் குரூப் 2009-ல் வெளியிட்ட அறிக்கை ஒன்று இன்றும் இந்த விவாதத்தில் மேற்கோள் காட்டப்படுகிறது. ஓர் அச்சுப் புத்தகம் அதன் ஆயுளில் சுமார் 7.5 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குக் காரணமாகிறது; ஒரு கிண்டில் கருவி சுமார் 168 கிலோவுக்கு. அதாவது கிண்டில் வாங்கி 23 புத்தகமாவது அதில் படித்தால்தான் அச்சுப் புத்தகத்தை ஜெயித்ததாக அர்த்தம். இது அமெரிக்கக் கணக்கு, 15 வருஷத்துக்கு மேல் பழசு. நம் ஊர்க் காகிதத்துக்கும் போக்குவரத்துக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் அதில் ஒளிந்திருக்கிற விஷயம் எங்கேயும் பொருந்தும். கருவியோ காகிதமோ, பாதிப்பில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. அதன் பிறகு எத்தனை முறை பயன்படுத்துகிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

இ-புக் படிப்பவர்கள் படிக்கட்டும். எனக்குக் காகிதம்தான் பிடிக்கும். அதனால் காகிதத்தைப் பற்றியே பேசுவோம்.

200 பக்கம் கொண்ட சாதாரண டெமி அளவுப் புத்தகத்தில் 100 தாள். ஒரு தாள் ஏறக்குறைய 14-க்கு 21.5 சென்டிமீட்டர். எல்லாவற்றையும் பரப்பி வைத்தால் 3 சதுர மீட்டர் வரும். 70 ஜிஎஸ்எம் தாள் என்றால் ஒரு சதுர மீட்டர் 70 கிராம். ஆக உள்தாள் மட்டும் 210 கிராம். அட்டை, பசையோடு சேர்த்தால் கால் கிலோ. ஆயிரம் பிரதி அச்சடித்தால் கால் டன். பரணில் நான் படிக்காமல் வைத்திருந்தது சுமார் பத்து கிலோ.

அந்தத் தாள் எங்கிருந்து வருகிறது? தமிழ்நாட்டில் இதற்குச் சுவாரசியமான பதில் இருக்கிறது. கரூர் மாவட்டம் புகளூர் பக்கம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், அதாவது டிஎன்பிஎல், கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வதற்காகவே மாநில அரசு 1979-ல் தொடங்கியது. சக்கையை மூலப்பொருளாகக் கொண்ட ஆலைகளில் உலக அளவில் பெரியது என்று பெயர் வாங்கியது. எறையூரில் பெரம்பலூர் சர்க்கரை ஆலையையும், அரியலூர் மாவட்டம் சாத்தமங்கலத்தில் தனியார் ஆலையையும் பார்த்து வளர்ந்த நமக்குச் சக்கை புதுசில்லை. ஒரு டன் கரும்பை அரைத்தால் கால் டன்னுக்கு மேல் சக்கை மிஞ்சும். அதில் புத்தகம் அச்சடிக்கலாம் என்றால் மரம் வெட்டும் குற்ற உணர்ச்சியே வேண்டாமே என்று தோன்றும்.

இங்கேதான் ஒரு சின்ன சிக்கல். சர்க்கரை ஆலைக்குச் சக்கைதான் எரிபொருள். அதைக் காகித ஆலைக்குக் கொடுத்துவிட்டால் கொதிகலனுக்கு வேறு ஏதாவது வேண்டும். அதனால் சக்கைக்குப் பதிலாக நிலக்கரி அல்லது நீராவி தரும் ஏற்பாடு உருவானது. மரம் மிச்சம், கரி செலவு. இது போக, சக்கை மட்டும் போதாமல் சவுக்கும் தைலமரமும் கூழாகின்றன. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் பைக்கில் போனால் தைலமரத் தோப்புகளைப் பார்க்கலாம். தண்ணீரை உறிஞ்சுகிறது என்று அந்த மரத்தின் மேல் ஊர்க்காரர்களுக்கு இருக்கும் கோபத்தையும் கேட்கலாம். காகிதம் முழுக்க மரநாரும் கிடையாது. வெள்ளையாக, மழமழப்பாக இருக்கக் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு கலப்பார்கள். அரியலூர்க்காரர்களிடம் சுண்ணாம்புக்கல் எப்படி வருகிறது, லாரி எப்படிப் போகிறது என்று நான் விளக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் சொல்வது புத்தகம் வாங்காதீர்கள் என்று சொல்ல இல்லை. ‘ஈகோ ஃப்ரெண்ட்லி காகிதம்’ என்று அட்டையில் போட்டுவிட்டால் விஷயம் முடிந்துவிடாது என்பதற்காகத்தான். எந்தக் காகிதத்துக்கும் ஏதோ ஓர் ஊரின் தண்ணீரும் மண்ணும் செலவாகியிருக்கின்றன. அந்தச் செலவை ஒரே ஒரு ஆள் படிப்பதற்காகச் செய்தோமா, முப்பது பேருக்காகச் செய்தோமா? மேலே சொன்ன அமெரிக்க எண்ணையே எடுத்துக்கொண்டாலும், முப்பது பேர் படித்த புத்தகத்தில் தலைக்கு 250 கிராம்தான். யாருமே படிக்காத புத்தகத்தில் அந்த ஏழரைக் கிலோவும் வீண். என் பரணில் இருந்தவை இந்த ரகம்.

பழைய ஐடியாதான்

ஒரு பிரதியை ஊரே படிப்பது பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக்கு அந்நியமான யோசனை இல்லை. உ.வே.சாமிநாதையர் சிறுவனாகத் தமிழ் படிக்க அலைந்த நிலம் இது. அரியலூரில் சடகோபையங்காரிடமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும், பெரம்பலூர் பக்கம் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் அவர் பாடம் கேட்டது 1860-களில். ‘என் சரித்திரம்’ படித்தவர்களுக்குத் தெரியும், அன்றைக்கு ஒரு நூல் ஒருவர் வீட்டில் இருக்கிறது என்பதே பெரிய செய்தி. நூல் இருக்கும் வீட்டைத் தேடிப் போய்ப் படிக்க வேண்டும். இல்லை, உட்கார்ந்து பிரதி எடுக்க வேண்டும். அது வறுமை, தட்டுப்பாடு. அதை நான் ரொமான்டிக்காகப் பார்க்கவில்லை. ஆனால் அன்று ஒரு பிரதி வேலை செய்த அளவுக்கு என் 63 புத்தகமும் சேர்ந்து வேலை செய்ததில்லை.

அதற்கப்புறம் நூலகம் வந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் முனைப்பில் 1931-ல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் ஓடியது. பொது நூலகத்துக்கென்று இந்திய மாகாணங்களிலேயே முதலில் சட்டம் போட்டது சென்னை மாகாணம், 1948-ல். அந்தச் சட்டத்தின் வழியாக வந்ததுதான் நூலக வரி. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்குப் போகிறது. வருஷம் 2,000 ரூபாய் வரி கட்டும் வீடு, 200 ரூபாயை நூலகத்துக்குக் கட்டுகிறது. ஓடிடி சந்தாவைக்கூட மாதா மாதம் பார்க்கிறோமா என்று கணக்குப் போடுகிறோம். இந்தச் சந்தா கட்டுவதே நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது.

“நூலகத்துல புதுப் புத்தகமே இருக்காது” என்ற பதில் எனக்குத் தெரியும், நானும் அதைச் சொன்னவள்தான். அதில் உண்மையும் இருக்கிறது. உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியை நூலக ஆணைக்குழுவுக்கு ஒழுங்காகக் கொடுக்காமல் பாக்கி வைப்பது பல வருஷப் பிரச்சினை. அதே நேரம், கேட்பவர்கள் இல்லாத இடத்தில் சரக்கும் மாறாது. உறுப்பினராக ஆகும் செலவு ஒரு பிரியாணி விலைகூட வராது. ஆயிரம் ரூபாய் கொடுத்தால் ‘புரவலர்’ ஆகலாம். வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்குத் தன்னார்வலர்கள் நூலகப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ‘நூலக நண்பர்கள்’ திட்டத்தை 2022-ல் அரசு தொடங்கியது. மன்னார்குடி மாட்டு வண்டியின் பேத்தி என்று சொல்லலாம்.

அரசு மட்டும்தான் செய்ய வேண்டும் என்றும் இல்லை. அரியலூர் மாவட்டம் குழுமூரில் அனிதாவின் நினைவாக ஒரு நூலகம் இருக்கிறது. பிளஸ் டூவில் 1,176 மதிப்பெண் எடுத்தும் நீட் காரணமாக மருத்துவ இடம் கிடைக்காமல் 2017-ல் உயிரிழந்த அதே அனிதா. நகரத்துப் பிள்ளை தனக்கென்று ஒரு செட் வாங்கி, தேர்வு முடிந்ததும் தூக்கிப் போடும் வழிகாட்டிப் புத்தகம் ஒரு கிராமத்து நூலக அலமாரியில் இருந்தால் எத்தனை பேர் கைக்குப் போகும்? சுற்றுச்சூழல் என்ற வார்த்தையைச் சொல்லாமலேயே நடக்கும் சுற்றுச்சூழல் வேலை அது.

திருவிழாவில் ஒரு மேசை குறைகிறது

மாவட்டந்தோறும் புத்தகக் காட்சி என்று அரசு அறிவிப்பதற்குப் பல வருஷம் முன்னாலேயே, 2012-ல் பெரம்பலூரில் புத்தகத் திருவிழா தொடங்கிவிட்டது. எனக்கு அது பெருமை. பள்ளிக்கூடத்து உண்டியல் காசோடு போய் நின்ற முதல் புத்தகக் கடை அதுதான். பசுமைக் கணக்கிலும் அது நல்லதே. சென்னையிலிருந்து 270 கிலோமீட்டருக்கு ஒவ்வொரு புத்தகமாகத் தனித்தனி அட்டைப் பெட்டி, பபிள் ராப் சுற்றி கூரியரில் வருவதைவிட, எல்லாப் பதிப்பகத்துச் சரக்கும் லாரியில் மொத்தமாக வந்து இறங்குவது மேல். பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரியிலேயே தடை வந்துவிட்டது. மஞ்சப்பையும் திரும்பி வந்துவிட்டது.

ஆனால் அங்கே புத்தகம் ஒரு திசையில்தான் நகர்கிறது. கடையிலிருந்து நம் பைக்கு, பையிலிருந்து பரணுக்கு. அதற்கு அப்புறம் வழி இல்லை. சென்னையில் திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய புத்தகம் இன்னொரு வாசகனைப் பிடித்துவிடும். நம்ம ஊரில் அதற்குத் தெரிந்த ஒரே முகவரி பழைய பேப்பர் கடை. கோடை விடுமுறையில் அங்கே போனால் புதுக்கருக்கு அழியாத பாடப்புத்தகங்களும் எடைத்தட்டில் கிடக்கும். இலவசமாகக் கிடைப்பது மிக நல்ல விஷயம், அதில் கை வைக்கவே கூடாது. ஆனால் வருஷக் கடைசியில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள யாரும் பெரும்பாலும் வருவதில்லை.

2023-ல் சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்று ஓர் அரங்கு போட்டு, சிறை நூலகங்களுக்காகப் புத்தகம் கேட்டது. வாசகர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் திருவிழா வாசலில் அப்படி ஒரு மேசை போட என்ன செலவாகும்? படித்த புத்தகம் ஒன்று கொடுத்தால் அங்கிருக்கும் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். கடைசி நாளில் மிஞ்சுவது ஊர்ப்புற நூலகங்களுக்கு. கிழிந்ததையும் காலாவதியான கைடையும் தள்ளிவிடும் குப்பைத்தொட்டியாக அது ஆகிவிடக் கூடாது, அதற்கு ஒரு நூலகர் உட்கார்ந்து பார்த்து வாங்க வேண்டும். இதனால் பதிப்பாளர் விற்பனை படுத்துவிடும் என்று ஒரு பயம் உண்டு. ஒரு ஆசிரியரைப் பழைய பிரதியில் படித்துப் பிடித்துப்போய், அவருடைய அடுத்த நாலு புத்தகத்தைப் புதிதாக வாங்கியவள் நான். என்னைப் போல நிறைய பேர் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

புதிதாக வாங்கும்போது நான் இப்போது பார்ப்பது இரண்டே விஷயம். கட்டு எப்படி இருக்கிறது? வெறும் பசையில் ஒட்டியதை நம்ம ஊர் வெயிலில் நாலு பேர் விரித்துப் படித்தால் தாள் தாளாக வந்துவிடும். நூலால் தைத்தது தலைமுறை தாண்டும். விலை கொஞ்சம் கூட, பரவாயில்லை. அடுத்தது, பளபளவென்று பிளாஸ்டிக் லேமினேஷன் இல்லாத அட்டை கிடைத்தால் அதை எடுப்பது, ஏனென்றால் மறுசுழற்சியில் அந்தப் படலம்தான் தொல்லை. மற்றபடி அலமாரியில் காய்ந்த வேப்பிலையும் வசம்பும் போடுவது அம்மாவின் டிப்ஸ், ராமபாணப் பூச்சிக்கு. அவ்வப்போது எடுத்துப் புரட்டினாலே பாதிப் பூச்சி ஓடிவிடும் என்பதும் அவர் சொன்னதுதான். அதில் எனக்கு ஒரு குத்தும் இருந்தது.

பழைய பேப்பர்காரர் மறுநாள் வந்தார். கரையான் தின்ற இரண்டையும், நான் யாருக்கும் கொடுக்கக் கூசும் மூன்று பழைய கைடுகளையும் மட்டும் கொடுத்தேன். படித்ததில் திரும்பப் படிக்க வேண்டியது 14 என்று பிரித்து வைத்தேன். நாலு புத்தகம் பக்கத்து வீட்டு அண்ணிக்குப் போயிற்று, அதில் ஒன்று அதற்குள் அவர் ஆபீஸ் தோழி கையில் இருக்கிறதாம். மீதியை இரண்டு மஞ்சப்பையில் கட்டி மாவட்ட மைய நூலகத்தில் கேட்கலாம் என்று வாசலில் வைத்தேன். சாயங்காலம் எடுக்கப் போனால் ஒரு பை இலேசாக இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அம்மா கூடத்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, நான் ஐந்து வருஷமாகப் பிரிக்காத ஒன்றின் பிளாஸ்டிக் உறையைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார்.