பழைய மரத்தில் புதுப் பறை: நாமக்கல் வட்டார மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

பறையின் சட்டம் ஒரே கட்டையைக் குடைந்து செய்வதல்ல. வேப்ப மரத்தில் வளைவாக அறுத்த மூன்று துண்டுகளை வட்டமாகச் சேர்த்து, பொருத்துகளில் இரும்புப் பட்டை வைத்து ஆணி அடிப்பார்கள். குறுக்களவு ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். அதன்மேல் கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, இழுத்துக் காயவிடுவது வழக்கம். ஒரு துண்டுக்கு ஒன்றரை அடி மரமே தாராளம். ஆக, பறைக்காக நிற்கிற வேம்பை வெட்ட வேண்டிய தேவையே இல்லை.

அந்த மரம் ஊருக்குள்ளேயே கிடக்கிறது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டும்போது நிலை, கதவு, உத்தரம் எல்லாம் வெளியே வருகின்றன. நல்லவை பழைய மரக்கடைக்குப் போகும். உடைந்தவை அடுப்புக்குப் போகும். பறைக்கு வேண்டியது அந்த உடைந்தவைதான். பச்சை மரம் காயக் காயச் சுருங்கும். பொருத்து விலகும், தோல் தளரும். பல பத்தாண்டுகள் கூரைக்கடியில் காய்ந்த மரத்தில் இந்தத் தொல்லை குறைவு. பழைய மரம் மட்டம் என்று நினைப்பவர்கள் தச்சரைக் கேட்டுப் பார்க்கலாம். தோட்டத்து மூலையில் மக்கும் மாட்டுவண்டிச் சக்கரத்தின் வட்டையும் உதவும். அதன் வளைவு பறையின் வளைவைவிடப் பெரியது. கனமான மரம் என்பதால் சின்ன வளைவாக அறுத்தெடுக்க இடமுண்டு.

லாரி பாடி கட்டும் பட்டறைகளில் மிஞ்சும் பலகைத் துண்டும் பட்டை இரும்பும் இதே வேலைக்கு ஆகும். ஆனால் டீசலும் கிரீஸும் ஊறிய பலகை ஆகாது, பசை பிடிக்காது. பீப்பாயில் செய்வதானால், பூச்சிமருந்தோ அமிலமோ இருந்ததை எந்த வாத்தியத்துக்கும் எடுக்கக் கூடாது.

தோலில் ஒரு நல்ல செய்தி உண்டு. மேளத்தோல் பதனிட்ட தோல் அல்ல, பச்சைத்தோல். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரைச் சுரண்டி, விறைப்பாகக் கட்டிக் காயவைத்தால் போதும். தோல் பதனிடப் பயன்பட்டுப் பாலாற்றைக் கெடுத்த குரோமியம் இதில் தேவைப்படுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் மிஞ்சும் ஆட்டுத்தோல் சிறிய வாத்தியங்களுக்குச் சரியாகப் பொருந்தும். மழைக்காலத்தில் தீயில் காய்ச்ச வேண்டாம் என்று பலர் பாலியெஸ்டர் தாள் போட்ட பறைக்கு மாறிவிட்டார்கள். அதில் தவறில்லை; கிழிந்தபின் அது வெறும் பிளாஸ்டிக் குப்பை என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். சிறுவர் பழகும் மேளத்துக்குப் புதுத்தாள் வாங்காமல் பழைய எக்ஸ்ரே படத்தையே இழுத்துக் கட்டலாம், அதுவும் பாலியெஸ்டர்தான்.

கஞ்சிராவின் கதை வேறு. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையால் கச்சேரி மேடை ஏறிய இந்த வாத்தியம் பலாமரச் சட்டமும் உடும்புத்தோலும் கொண்டது. உடும்போ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொல்வதற்கும் தோலை விற்பதற்கும் மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. 'பழைய சரக்கு' என்று காதோடு சொல்லி விற்பவரிடம் வாங்குவதும் குற்றமே. ஆட்டுத்தோல் கஞ்சிராவின் நாதம் உடும்புத்தோலுக்கு முழுதாக ஈடாகாது என்பது உண்மை. அதற்காக ஓர் உயிரினத்தை அழிப்பதற்கு நியாயம் கிடையாது.

கஞ்சிராவின் வட்டச் சட்டத்துக்குப் பலாமரமும் கட்டாயமில்லை. ஆழ்துளைக் கிணற்றுக்கு இறக்கும் ஏழு அங்குல பிளாஸ்டிக் கேசிங் பைப்பின் குறுக்களவு கஞ்சிராவின் அளவுக்கு மிக அருகில் வருகிறது. ரிக் வண்டிக்குப் பேர்போன திருச்செங்கோட்டில் வெட்டி எறிந்த பைப் துண்டுக்கா பஞ்சம்? விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, தோலைப் பசையோடு கயிறும் போட்டுக் கட்ட வேண்டும். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் புளியங்கொட்டைப் பசை தனியாக நிற்காது. பைப்பைத் தீயில் வாட்டக் கூடாது, அதன் புகை நஞ்சு. ஜலங்கைக்குச் செல்லாத காசுகளைக் கோப்பது கஞ்சிராவில் முன்பே உள்ள பழக்கம்.

கழித்த பொருளில் வாத்தியம் செய்வது புதிதல்ல. டிரினிடாட் தீவில் ஆங்கிலேயர் தோல்மேளத்துக்குத் தடை போட்டபோது மக்கள் மூங்கிலைத் தட்டினார்கள், பிறகு பிஸ்கட் டப்பாவை, கடைசியில் எண்ணெய்ப் பீப்பாயை. அந்தப் பீப்பாயிலிருந்து பிறந்த ஸ்டீல்பேன் இன்று அந்நாட்டின் தேசிய வாத்தியம்.

2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் மேடையில் பறைக்குக் கைதட்டுபவர்களில் பலர், அதைச் செய்கிறவர் தோலைத் தொடுவதால் இன்னும் எட்டி நிற்கிறார்கள். இது மாற வேண்டும். பொருள் பழையது என்பதற்காகக் கூலியைக் குறைத்துப் பேசவும் கூடாது. பழைய மரத்தில் ஆணி பிடுங்கி அறுப்பது புது மரத்தைவிடக் கூடுதல் வேலை.

இவ்வட்டாரத்தில் பறை செய்வோரும் பயில்வோரும் சேர்ந்து கேட்பது இவ்வளவே. வீடு இடிப்போர் உடைந்த நிலையையும் உத்தரத்தையும் விறகாக்கும் முன் மேளம் செய்பவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். பட்டறைக்காரரும் ரிக் வண்டிக்காரரும் மிஞ்சிய துண்டுகளை ஒரு மூலையில் ஒதுக்கி வைக்க வேண்டும். பள்ளிகள் ஆண்டுவிழாவுக்குக் கடைப் பொம்மை மேளம் வாங்குவதை விட்டுவிட்டு, உள்ளூர்க் கைவினைஞரை அழைத்துப் பிள்ளைகளுடன் சேர்ந்து செய்யச் சொல்லி, அதற்குரிய கூலியைக் கொடுக்க வேண்டும். உடும்புத்தோலை யாரும் வாங்க வேண்டாம்.