காத்திருக்கும் நேரத்திற்கும் கூலி வேண்டும்

பீடோர் வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்தன. மழை பெய்தால் பால்வெட்டு நடக்காது. வெட்டு இல்லாத நாளுக்குச் சம்பளமும் கிடைக்காது. மழை பெய்ததற்குத் தொழிலாளியின் குடும்பமா பட்டினி கிடப்பது? இந்தக் கேள்வியோடுதான் தோட்டத் தொழிலாளர் சங்கம் மாதச் சம்பளம் கேட்டு நெடுங்காலம் போராடியது.

இன்று அத்தோட்டங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. ஆலைகளிலிருந்து செம்பனை எண்ணெயையும் கிடங்குகளிலிருந்து பெட்ரோல், டீசலையும் ஏற்றிக்கொண்டு டேங்கர் லோரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. பால் வெட்டியவரின் பேரன் அந்த லோரியை ஓட்டலாம். ஆனால், பழைய கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

லோரி ஓட்டுநர் பலருக்கு அடிப்படைச் சம்பளம் போதுவதில்லை. ஒவ்வொரு பயணத்திற்கும் கிடைக்கும் படித்தொகையே குடும்பச் செலவைத் தாங்குகிறது. எண்ணெய் ஏற்ற வரிசையில் மூன்று மணி நேரம் நின்றாலும், நெரிசலில் சிக்கினாலும் அத்தொகை கூடுவதில்லை. எனவே, இழந்த நேரத்தை ஈடுகட்ட ஓட்டுநர் ஓய்வைக் குறைத்துக்கொள்கிறார்.

டேங்கர் லோரியில் இது பெரும் ஆபத்து. தொட்டியிலுள்ள திரவம் கல்லைப்போல் அசையாமல் இருப்பதில்லை. பிரேக்கை அழுத்தினால் முன்னே பாய்கிறது. வளைவில் ஒருபக்கமாகச் சாய்ந்து வண்டியையே கவிழ்க்கக்கூடும். பெட்ரோலாக இருந்தால் ஒரு தீப்பொறி போதும். அத்தகைய வண்டியைத் தூக்கக் கலக்கத்தில் ஓட்டலாமா?

2025 மே 13-ஆம் நாள் தெலுக் இந்தானில், சித்ரா பௌர்ணமி விழாப் பாதுகாப்புப் பணியை முடித்துத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீஸார் 9 பேர், கற்களை ஏற்றி வந்த லோரியுடன் மோதிய விபத்தில் உயிரிழந்தனர். அதே ஆண்டு அக்டோபர் முதல், கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டங்கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும், கருவி வேகத்தைத்தான் குறைக்கும்; களைப்பைக் குறைக்காது. பயணத்திற்கே கூலி என்ற முறை நீடித்தால், மெதுவாகச் செல்லும் ஓட்டுநர் அதே வருமானத்திற்கு இன்னும் அதிக நேரம் ஓட்ட வேண்டியிருக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2023 முதல் வார வேலை நேரம் 45 மணி. தொடர்ந்து ஐந்து மணி நேரம் உழைப்பவருக்கு அரை மணி நேர ஓய்வு உண்டு. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் ரி.ம. 1,700. ஆனால், 'ஒப்பந்த ஓட்டுநர்' என்று பெயர் மாற்றப்பட்டவர் சொக்சோ, ஊழியர் சேமநிதி ஆகிய பாதுகாப்பையும் இழக்க நேரிடுகிறது.

சம்பளத்தை உயர்த்தினால் போக்குவரத்துச் செலவு கூடும் என்பர் முதலாளிகள். ஓட்டுநர்களிலும் சிலர், அதிகப் பயணம் அதிக வருமானம் என்று இம்முறையையே விரும்புகின்றனர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆகவே, படித்தொகையை ஒழிக்க வேண்டியதில்லை. அடிப்படைச் சம்பளத்தை உயர்த்தி, காத்திருக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட்டால் போதும். அதன் செலவில் சரக்கின் உரிமையாளரும் பங்கேற்க வேண்டும். தென் கொரியா 2020 முதல் 2022 வரை கொள்கலன், சிமெண்டு லோரிகளுக்குக் குறைந்தபட்சக் கட்டணத்தை நிர்ணயித்து, அதைவிடக் குறைவாகக் கொடுத்தோருக்கு அபராதம் விதித்தது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும். ஓட்டுநரின் உடல்நலமே சாலைப் பாதுகாப்பிற்குச் சுவர். அவர் கண்மூடி உறங்கும் நேரத்திற்கு வழிவிடும் சம்பளமே, அதே சாலையில் செல்லும் பள்ளிப் பேருந்தையும் காக்கும்.