உஷ்ணத்தின் கணக்கு

2008-ஆம் வருஷம் தொடங்கிய மின்வெட்டுக் காலத்தில், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைக்காரர்கள் டீசல் யந்திரங்களை ஓட்டிக் கைப்பொருள் இழந்ததை நாம் மறக்கவில்லை. அந்த டீசலின் உஷ்ணத்தில் பாதிக்கு மேல் மின்சாரமாகாமல் வீணே கழிந்தது. ஆகையால், பல உஷ்ணங்களைக் கூட்டி மின்சாரம் செய்யும் கலப்பு நிலையங்களைப் பற்றிய விவாதம் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வாசிகளுக்கு அந்நிய விஷயமன்று.

ஓர் உஷ்ணத்தை இருமுறை உபயோகிப்பதன் லாபத்தை நம் மாகாணத்திலேயே காணலாம். 1996-இல் சென்னை பேசின் பிரிட்ஜில் தலா 30 மெகாவாட் சக்தியுள்ள நான்கு வாயுச் சுழலிகள் நிறுவப்பட்டன. அவை கக்கும் கொதிக்கும் புகையைக் கொண்டு நீராவி உண்டாக்க ஏற்பாடு செய்தாரில்லை. அது ஆகாயத்துக்குத் தானமாயிற்று. 2003-இல் இராமநாதபுரம் ஜில்லா வழுதூரில் அமைந்த நிலையமோ, சுமார் 60 மெகாவாட் சுழலியின் புகையைக் கொண்டே, வேறு எரிபொருளின்றி, இன்னும் 35 மெகாவாட் பெறுமாறு வகுக்கப்பட்டது.

இத்துடன் சூரிய உஷ்ணத்தையும் சேர்க்கலாம். எகிப்து தேசத்தில் குரைமத் என்னுமிடத்தில் 2011-இல் அவ்வாறு செய்தார்கள். 140 மெகாவாட்டில் சுமார் 20 சூரியனுடைய பங்கு. முயற்சியை நாம் வரவேற்கிறோம். கணக்கைத்தான் சந்தேகிக்கிறோம். இத்தகைய நிலையங்களின் திறமையைக் கூறுவோர், எரித்த வாயுவை மட்டும் செலவில் எழுதி, சூரியனால் வந்த மின்சாரத்தையும் வரவில் சேர்த்துக் காட்டுவதுண்டு. நியாயஸ்தலத்தில் இவ்வித சாட்சியம் ஒரு குறுக்கு விசாரணைக்குத் தாங்காது!

இரண்டு உஷ்ணங்களையும் வெறுமே கூட்டுவதும் பிசகே. கார்னோ என்ற பிரெஞ்சுக்காரர் 1824-இல் வகுத்த தத்துவப்படி, சுற்றுப்புறம் 30 டிகிரி சென்டிகிரேடாயிருக்க, 1,400 டிகிரி உஷ்ணத்தில் நூற்றுக்கு 82 பங்கு வரை வேலையாக மாறக்கூடும். வளைந்த கண்ணாடிகள் எண்ணெயில் ஏற்றும் 390 டிகிரி உஷ்ணத்தில் 54 பங்குக்கு மேல் எந்த யந்திரமும் பெறவியலாது. பொற்காசையும் செப்புக்காசையும் ஒன்றாய் எண்ணிக் கூட்டுவார் உண்டோ? மேலும், பகல் வெயிலை உத்தேசித்துப் பெரிதாகச் செய்த நீராவிச் சுழலி இரவெல்லாம் அரைவயிற்றோடு சுழன்று திறமை குன்றும். அந்த நஷ்டத்தையும் எழுத வேண்டாமா?

2019 முதல் எண்ணூர்த் துறைமுகத்தில் திரவமாக்கிய இயற்கை வாயு இறங்குகிறது. அதை நம்பி எவரேனும் கலப்பு நிலையம் அமைக்க முன்வந்தால், வாயு உஷ்ணம், சூரிய உஷ்ணம், அவற்றின் டிகிரி, இரவு உற்பத்தி ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும்படி மின்சார ஒழுங்குமுறைக் கமிஷன் உத்தரவிட வேண்டும். காட்டத் தவறினால், யூனிட் விலையைக் குறித்த பொது விசாரணையில் பட்டறைக்காரர் சங்கங்கள் நேரில் ஆஜராகி ஆட்சேபிக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.