காட்டுக்குப் போகும் சரக்கும் கடைக்காரர் கடமையும்



ஆடி மாதம் வந்துவிட்டால் நெல்லை, தென்காசி மாவட்டங்களில் உள்ள பலசரக்குக் கடைகளுக்குத் தனியாக ஒரு வியாபாரம் உண்டு. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போகும் குடும்பங்கள் அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா என்று நீளமான சிட்டையோடு வருவார்கள். கிழவி முதல் கைக்குழந்தை வரை குடும்பமே கிளம்பிப் போய், காட்டில் குடில் போட்டு, அடுப்பு மூட்டிச் சமைத்து, ஆற்றில் குளித்து, சாமி கும்பிட்டுத் திரும்பும். இப்பொழுது நகரத்தில் இருப்பவர்கள் பணம் கட்டிக் கூடாரத்தில் தங்குவதைப் புதிய பொழுதுபோக்கு என்று சொல்கிறார்கள். நமது பகுதி மக்கள் அதைத் தலைமுறை தலைமுறையாக நேர்த்திக்கடனாகச் செய்து வருகிறார்கள்.

இந்த வழக்கம் நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் நாம். அது நிலைக்க வேண்டுமானால் காடும் ஆறும் கெடாமல் இருக்க வேண்டும். அதில் வியாபாரிகளாகிய நமக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து.

கோயில் இருக்கும் இடம்

கோயில் இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள். 1988ஆம் ஆண்டு களக்காடு, முண்டந்துறை ஆகிய இரண்டு சரணாலயங்களையும் சேர்த்து இந்தக் காப்பகம் அமைக்கப்பட்டது. புலி, யானை, சிறுத்தை, மிளா, சிங்கவால் குரங்கு எல்லாம் வாழும் காடு. கோயிலை ஒட்டி ஓடுவது தாமிரபரணி. பொதிகை மலையில் பிறந்து சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் இந்த ஆறு, எட்டு அணைக்கட்டுகளின் வழியாக நெல்லை, தூத்துக்குடி மாவட்ட வயல்களுக்குப் பாய்கிறது. நமது ஊர்களின் குடிநீரும் இதுதான். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட அம்பை 16 அரிசியை மூடை மூடையாக விற்றவர்கள் நாம். அந்த நெல்லும் இந்தத் தண்ணீரில் விளைந்ததுதான். ஆகவே ஆற்றின் தலைமாட்டில் போடும் குப்பை, கடைசியில் நமது வீட்டுக் குடத்துக்கும் நமது கடைச் சரக்குக்கும்தான் வந்து சேரும்.

காட்டு விலங்குகளின் பாடு இன்னும் மோசம். உப்பும் எண்ணெயும் ஒட்டிய கவரை மானும் குரங்கும் தின்பண்டம் என்றே நினைத்துத் தின்றுவிடுகின்றன. யானைச் சாணத்தில் பிளாஸ்டிக் உறைகள் கிடந்ததைப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டிருக்கின்றன. குரங்குக்கு மிச்சச் சோற்றைப் போடுவதும் தருமம் ஆகாது. அது காட்டில் இரை தேடுவதை விட்டுவிட்டு மனிதர் கையைப் பார்க்கத் தொடங்கிவிடும். பிறகு குழந்தைகளைக் கடிக்கவும் செய்யும்.

குப்பை எங்கிருந்து போகிறது?

பக்தர்கள் குப்பை போடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது எளிது. ஆனால் அந்தக் குப்பை காட்டில் முளைக்கவில்லை, கடையிலிருந்து போகிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் மூன்று நாள் தங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்குத் தினம் இரண்டு லிட்டர் தண்ணீர் என்றால் 30 லிட்டர். அதை ஒரு லிட்டர் பாட்டிலாக வாங்கினால் 30 காலிப் பாட்டில்கள். வேளைக்கு ஒரு தட்டு என்றால் 45 தட்டுகள். காலை, மாலை காப்பிக்கு 30 குவளைகள். இவை தவிர, பருப்பு, சீனி, ரவை, புளி, வற்றல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கவர், பிஸ்கட், சிப்ஸ், ஷாம்பு பாக்கெட் என்று நூற்றுக்கு மேல் போய்விடும். இது ஒரு குடும்பத்தின் கணக்கு. அமாவாசைக்குக் கூடும் கூட்டத்துக்கு நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

"அண்ணாச்சி, எல்லாத்தையும் தனித்தனிக் கவர்ல போட்டுத் தாங்க, மலைக்குக் கொண்டு போகணும்" என்றுதான் வாடிக்கையாளர் கேட்கிறார். அவர் வேறு வழி தெரியாமல் கேட்கிறார். வேறு வழியை எடுத்துச் சொல்ல வேண்டியது விற்கிறவர் பொறுப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. பிளாஸ்டிக் பை எந்தக் கனமாக இருந்தாலும் அதில் அடங்கும். உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும், காகிதக் குவளையும் அந்தப் பட்டியலில் உண்டு. பார்ப்பதற்குத் துணி போலவே இருக்கும் நான்-ஓவன் பையும் உண்டு. இதைத் துணிப்பை என்று நம்பி வாங்கி வைத்து அபராதம் கட்டிய கடைக்காரர்கள் பலர். கொள்முதல் செய்யும்போதே இதைக் கவனிக்க வேண்டும்.

2025 மார்ச் மாதம் சென்னை உயர்நீதிமன்றம் இன்னொரு உத்தரவும் போட்டது. பாபநாசத்தில் கோயில், ஆற்றங்கரை ஆகியவற்றிலிருந்து 500 மீட்டருக்குள் சோப்பு, ஷாம்பு போன்றவற்றை விற்கக் கூடாது என்பது அந்த உத்தரவு. அந்த எல்லைக்குள் கடை வைத்திருக்கும் நமது சகோதரர்களுக்கு வருமானம் குறையும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நீதிமன்றம் வந்து சொல்லும் அளவுக்கு ஆறு கெட்டிருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டால் பாவம் போகும் என்று நம்பி விட்ட துணிகளைத் தொண்டர்கள் டன் கணக்கில் வாரி வெளியே போட்டிருக்கிறார்கள். வீட்டிலேயே எண்ணெய் தேய்த்துத் தலை முழுகிவிட்டு வந்து, ஆற்றில் வெறும் முழுக்குப் போடுவதுதான் தீர்த்தமாடும் முறை.

நமது நியாயம்

இந்த இடத்தில் வியாபாரிகள் கேட்கும் ஒரு கேள்வியை மழுப்பாமல் எடுத்துக்கொள்வோம். "பத்து ரூபாய்க்குப் பருப்பு மடித்துக் கொடுக்கும் கவருக்கு நமக்கு அபராதம். பெரிய கம்பெனி சிப்ஸ் பாக்கெட்டையும் ஷாம்பு சரத்தையும் லாரி லாரியாக அனுப்புகிறது. அதை யார் கேட்டார்கள்?" என்பதே அந்தக் கேள்வி.

கேள்வி நியாயமானது. காட்டில் கிடக்கும் குப்பையில் மினுமினுப்பான உறைகள்தான் மிகவும் தொல்லை தருபவை. பல அடுக்குகளை ஒட்டித் தயாரிக்கப்படுவதால் பழைய இரும்புக் கடைக்காரரும் அவற்றை வாங்குவதில்லை. உறையை உண்டாக்கியவரே அதைத் திரும்பச் சேகரிக்கப் பொறுப்பு என்று மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. இந்தப் பொறுப்பைக் கம்பெனிகள் எப்படி நிறைவேற்ற வேண்டும் என்று 2022இல் விரிவான நெறிமுறையும் வெளியிடப்பட்டது. அப்படியானால், திருவிழா நாள்களில் பாபநாசம் சோதனைச் சாவடி அருகே கம்பெனிகள் தங்கள் செலவில் சேகரிப்பு மையம் வைக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. சங்கங்கள் இதை மாவட்ட ஆட்சித் தலைவரிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் மனுவாகக் கொடுக்க வேண்டும்.

ஆனால் கம்பெனிக்காரன் திருந்தட்டும், அப்புறம் நாம் திருந்தலாம் என்று காத்திருப்பது சரியல்ல. மனுவும் போகட்டும், நமது கையில் உள்ள வேலையும் நடக்கட்டும்.

நமக்குத் தெரிந்த பழைய முறைகள்

கவர் இல்லாமல் வியாபாரமே இல்லை என்று இன்றைய இளைஞர்கள் நினைக்கிறார்கள். நமது தந்தையார் காலத்தில் மலைக்குப் போன குடும்பம் அரிசியைச் சாக்கிலும், பருப்பைத் துணிப்பையிலும், எண்ணெயைத் தூக்குவாளியிலும், வற்றலையும் கருப்பட்டியையும் பனை ஓலைப் பெட்டியிலும் கொண்டு போனது. காலிப் பெட்டியும் வாளியும் வீட்டுக்குத் திரும்பி வந்தன. காட்டில் விட்டுவர ஒன்றுமே இல்லை.

கலர், சோடா விற்ற காலத்தை நினைத்துப் பாருங்கள். பாட்டிலுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டுதான் வெளியே கொடுப்போம். ஒரு பாட்டில் தெருவில் கிடந்ததுண்டா? கிடந்தால் ஒரு சிறுவன் ஓடிவந்து எடுத்துக் கடையில் கொடுத்துக் காசு வாங்கியிருப்பான். இதே முறையைத்தான் 2022 மே மாதம் நீலகிரியில் மதுபாட்டில்களுக்குக் கொண்டுவந்தார்கள். காட்டில் வீசப்பட்ட பாட்டில் உடைந்து யானைகளின் காலைக் கிழித்ததால், உயர்நீதிமன்ற உத்தரவின்படி பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அது பலன் தந்ததால் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. சாராயப் பாட்டிலுக்கு நடக்கும் ஏற்பாடு சாமி கும்பிடப் போகிறவர் சாமானுக்கு நடக்காதா?

என்ன செய்யலாம்?

முதலாவது, மலைக்குப் போகிறவர்களுக்குத் தனிச் சிட்டை ஒன்று அச்சடித்துக் கடையில் தொங்கவிடலாம். ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு அரிசி 6 கிலோ, பருப்பு ஒன்றரைக் கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர், சீனி ஒரு கிலோ, புளி கால் கிலோ என்று அளவோடு எழுதினால் வாங்குகிறவருக்கும் வசதி, சோறு மிஞ்சி ஆற்றில் கொட்டுவதும் குறையும். சாம்பார்ப் பொடியில் பத்துச் சிறு பாக்கெட்டுக்குப் பதில் கால் கிலோவை ஒரே டப்பாவில் கொடுக்கலாம்.

இரண்டாவது, துணிப்பையும் மூடியுள்ள டப்பாவும் முன்பணத்துக்குக் கொடுக்கலாம். திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் வாபஸ். திருப்பிக் கொடுக்க வரும் வாடிக்கையாளர் வெறுங்கையோடு போகமாட்டார் என்பது நமக்குத் தெரியாதது அல்ல. தண்ணீருக்கு 20 லிட்டர் கேனையும் இதே முறையில் கொடுக்கலாம்.

மூன்றாவது, தட்டுக்கும் குவளைக்கும் மாற்று. வாழையிலை, மந்தாரை இலை, பாக்குமட்டைத் தட்டு மூன்றும் கிடைக்கின்றன. வீட்டுத் தட்டையும் தம்ளரையும் எடுத்துப் போகச் சொல்வது அதைவிட மேல். அதில் நமக்கு நாலு காசு லாபம் குறைந்தாலும் குறையட்டும். இலையையும் ஆற்றில் விடாமல் குப்பைக்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் போட வேண்டும்.

நான்காவது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காலிச் சாக்கு இலவசமாகக் கொடுப்போம். கொண்டுபோன உறை, டப்பா எல்லாவற்றையும் அதில் போட்டுக் கட்டித் திரும்பக் கொண்டுவரட்டும். அதை நகராட்சி, பஞ்சாயத்து வண்டியில் ஒப்படைக்க நாம் ஏற்பாடு செய்வோம். பருப்புச் சாக்கும் சீனிச் சாக்கும் நம்மிடம் குறைவில்லாமல் கிடக்கின்றன.

ஐந்தாவது, பழைய முறை என்பதற்காகச் செய்தித்தாளில் உணவுப் பொருளைப் பொட்டலம் கட்ட வேண்டாம். அச்சு மை உடம்புக்குக் கெடுதல். உணவுப் பாதுகாப்புத் துறையும் அதை அனுமதிப்பதில்லை. அச்சில்லாத பழுப்புத் தாள் உறைகளை மொத்தமாக வாங்கினால் விலை கட்டுப்படியாகும். சங்கமே வரவழைத்து உறுப்பினர்களுக்கு அடக்க விலைக்குக் கொடுப்பது நல்லது.

இதில் நமக்கு என்ன லாபம்?

வியாபாரி லாபம் பார்க்காமல் ஒன்றும் செய்யமாட்டான் என்று சொல்வார்கள். பார்க்கட்டும், தவறில்லை. முன்பு வாரக் கணக்கில் காட்டில் தங்கிய குடும்பங்கள் இப்போது சில நாள்களே தங்க முடிகிறது. எத்தனை நாள், எந்த வண்டியில் போகலாம் என்பதை வனத்துறையும் மாவட்ட நிர்வாகமும் முடிவு செய்கின்றன. கட்டுப்பாடு ஆண்டுக்கு ஆண்டு இறுகுவதற்கு நெரிசல், நெருப்பு என்று பல காரணங்கள் இருந்தாலும் குப்பையும் முக்கியக் காரணம். குப்பை பெருகினால் தங்கும் நாள் இன்னும் குறையும். நாள் குறைந்தால் சிட்டையும் குறையும். மூன்று நாள் சாமான் வாங்கும் குடும்பம் ஒரு வேளைக் கட்டுச்சோற்றோடு போய்த் திரும்பினால் நமது கடையில் என்ன வாங்கும்?

நமது பகுதிக்கு மட்டும் இது பொருந்தும் என்று மற்ற மாவட்ட நண்பர்கள் நினைக்க வேண்டாம். சதுரகிரி, வெள்ளியங்கிரி, கொல்லிமலை, கொடைக்கானல் என்று குடும்பங்கள் மலையேறும் ஊர்களின் அடிவாரத்தில் எல்லாம் ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. அந்தக் கடையில் கட்டும் மூட்டைதான் மலைக்குப் போகிறது.

அடுத்த ஆடிக்கு முன் நமது சங்கத்தின் செயற்குழு கூடி, சிட்டை அச்சடிப்பது, தாள் உறை வரவழைப்பது, கம்பெனிகள் குறித்து மனுக் கொடுப்பது ஆகிய மூன்றையும் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மொத்த வியாபாரிகள் சாக்குகளைத் தந்து உதவ வேண்டும். சில்லறை வியாபாரிகள் வாடிக்கையாளரிடம் இரண்டு வார்த்தை பேசிக் கொடுக்க வேண்டும். பேசி விற்பது நமக்குப் புதிதல்ல.