திரையில் தெரிந்த பதினைந்தரை மணி நேரம்

அப்பா பணி ஓய்வு பெற்றதும் அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த மாதமே, 2023 ஜூலையில், அலுவலக வேலையாக நான் சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ கிளம்பினேன். அப்பா இன்டர்நெட்டில் இரண்டு ஊர்களின் பெயரையும் டைப் செய்து தூரத்தைப் பார்த்திருக்கிறார். சுமார் 13,900 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும். வகுத்தால் பதினைந்தரை மணி நேரம். இரவு 11.30க்குப் புறப்பட்டவன் மறுநாள் பிற்பகல் 3 மணிக்கு இறங்கிவிடுவான் என்று எழுதியே வைத்துவிட்டார்.

நான் இறங்கியபோது இந்தியாவில் இரவு 10 மணி. இடையில் ஏழு மணி நேரம் அம்மா சாப்பிடவே இல்லை. இருவரும் டிவியில் நியூஸ் சேனலை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

கம்ப்யூட்டர் தப்பாகச் சொன்னதா? இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னது. அது காட்டியது பூமி உருண்டையின் மேல் வரையக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் நீளம். அந்தக் கோடு இமயமலையைத் தாண்டி, சைபீரியாவின் கிழக்குக் கோடி வழியாக ஆர்க்டிக் பகுதிக்குள் நுழைந்து இறங்குகிறது. நான் போனதோ சிங்கப்பூர் வழியாக. சென்னை - சிங்கப்பூர் 2,900; அங்கிருந்து 13,600. மொத்தம் 16,500 கிலோமீட்டர். பறந்தது நாலரையும் பதினைந்தும், காத்திருந்தது மூன்று. ஆக இருபத்திரண்டரை மணி நேரம்.

டிக்கெட்டைப் பார்த்திருந்தாலும் குழப்பம்தான். இரவு 11.30க்குப் புறப்பாடு, மறுநாள் காலை 9.30க்கு வருகை என்று இருக்கும். பத்தே மணி நேரம் போலத் தெரியும்! ஆனால் அந்த 9.30 அமெரிக்கக் கடிகாரம். கோடையில் கலிபோர்னியா நம்மைவிட பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் பதிமூன்றரை.

தூரம் மாறாமலே நேரம் மாறுவதும் உண்டு. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரம் போல ஆகிக்கொண்டிருந்த ஹெல்சின்கி - டோக்கியோ பயணம் சுமார் பதிமூன்று மணி நேரமானது. இரண்டு ஊர்களும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

என் கருத்து இதுதான். தூரம் காட்டும் வெப்சைட்டுகள் பொது அறிவுக்கு நல்லவை. வீட்டில் காத்திருப்பவர்களுக்கு உதவாதவை. தூரத்தைத் தேடாதீர்கள், விமான எண்ணைக் கேட்டு வாங்கி அதை டைப் செய்யுங்கள். விமானம் புறப்பட்டதா, எப்போது இறங்கும் என்பது தெரிந்துவிடும். இடையில் விமானம் மாறினால் இரண்டு எண்களும் வேண்டும். காட்டும் நேரம் எந்த ஊர் நேரம் என்பதையும் பாருங்கள்.

கிளம்பும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்த நான், வீட்டுக்கு ஒரு வரி மெசேஜ் அனுப்பவில்லை. கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தவன், இறங்கும் நேரத்தை இந்திய நேரத்தில் எழுதிக் கொடுக்கவும் இல்லை. தப்பு அப்பாவின் கணக்கில் இல்லை, என்னிடம்தான்.